ஒரு கல்லூரியின் இரண்டு கட்டடங்கள்

1922-இல் மலாயாவின் இரண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் மூட்டை கட்டின. ஒன்று 1900 முதல் மலாக்காவில் நடந்துவந்தது. மற்றொன்று பேராக்கின் வடக்கே, தைப்பிங்கை ஒட்டிய மாத்தாங் என்னும் சிற்றூரில் 1913-இல் தொடங்கியது. இரண்டும் பேராக்கின் தென்கோடியான தஞ்சோங் மாலிமில் எழும்பிய புதுக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்து, சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி என்ற ஒரே பெயரில் கலந்தன. மாத்தாங்கில் காலிசெய்த கட்டடம் இன்று அருங்காட்சியகம். தஞ்சோங் மாலிமில் குடிபுகுந்த கட்டடமும் இன்று அருங்காட்சியகம்தான். ஒரே கல்லூரியின் பழைய வீடும் புது வீடும் ஒரே மாநிலத்தில் இப்படிக் காட்சிக்கு நிற்பது அபூர்வம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவருக்குப் பாகான் டத்தோவைப் போலத் தோதான புறப்பாட்டு இடம் வேறில்லை.

காரணம் பூகோளம். பாகான் டத்தோ இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் தாழ்நிலம். வடக்கே பேராக் ஆறு கடலில் கலக்கிறது. தெற்கே பெர்ணாம் ஆறு சிலாங்கூருக்கு எல்லை போட்டுக்கொண்டு கலக்கிறது. பேராக் ஆற்றை எதிர்த்து மேலே போனால் மாத்தாங் கட்டடத்தில் முடிந்த ஒரு வழக்கு தொடங்கிய இடம் வருகிறது. பெர்ணாம் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அது தஞ்சோங் மாலிமிலேயே கொண்டுபோய் விடும். சாலைகள் ஆற்றைவிட்டு விலகி ஓடினாலும் திசை அதேதான்.

பாகான் டத்தோ 2017 ஜனவரியில்தான் தனி மாவட்டமானது. மலேசியாவில் தென்னை என்றதும் முதலில் சொல்லப்படும் ஊர். கரையோரம் தென்னை, உள்ளே செம்பனை. பழைய பால்மரக் காடுகள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டன. சாலையோரக் கடைகளில் இளநீர்க் குலைகள் தொங்குகின்றன. உரித்த தேங்காய் மூட்டைகளோடு லாரிகள் தெலுக் இந்தான் பக்கம் போகின்றன. ஊத்தான் மெலிந்தாங் வரும்முன் ஜெண்டராட்டா தோட்டம். ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் 1906-இல் பால்மரத்துக்காகத் தொடங்கிய நிறுவனம் அது; இன்றும் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரோடு பிரிவு எண்ணையும் சேர்த்தே அழைக்கப்படுகின்றன. முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று. துரை நிலத்தைப் பிரித்த கணக்கு பள்ளிக்கூடத்தின் பெயரிலும் ஏறிவிட்டது.

தோட்டத்துப் பள்ளி எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட்டால் பின்னால் வரும் இரண்டு கட்டடங்களின் எடை புரியும். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் பள்ளி வைக்கச் சொன்னதே தவிர, எப்படிப்பட்ட ஆசிரியர், எப்படிப்பட்ட கட்டடம் என்பதைத் துரையின் மனசுக்கு விட்டுவிட்டது. பல தோட்டங்களில் லயத்தின் கோடியில் பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை அல்லது தகரக் கூரை, அதுவே பள்ளிக்கூடம். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் வாத்தியாராகிவிடுவார். நாடு விடுதலை பெற்ற 1957-இல் இப்படித் தோட்டமும் பட்டணமுமாக 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூறு சொச்சம். மூடிய பள்ளிகளின் கட்டடங்களில் அருங்காட்சியகமாவதற்குத் தாங்கும் சுவர் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. கறையான் தின்றதுபோக மிச்சத்தைப் பிரித்து, அந்த இடத்திலும் செம்பனை நட்டாயிற்று.

தெலுக் இந்தானில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. 1885-இல் லியோங் சூன் சியோங் என்பவர் கட்டிய சாய்ந்த கோபுரம் ஊர் நடுவே நிற்கிறது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு, உள்ளே போனால் மூன்றே தளம். தண்ணீர்த் தொட்டியும் மணிக்கூண்டுமாக ஊருக்கு உழைத்த கட்டடம். படம் எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தால் கம்போங் காஜா சாலை. அதில் பாசிர் சாலாக்.

1875 நவம்பர் 2. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டான ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் இங்கே ஆற்றில் மிதந்த குளியலறையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். வரி வசூலைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும், அடிமை முறையில் தலையிட்டதும், மலாய்ப் பிரபுக்களை மதிக்காமல் பேசியதும் அவருக்கு எதிரிகளைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தன. திட்டத்தின் தலைவர் டத்தோ மகாராஜா லேலா. ஆற்றங்கரையில் பர்ச்சுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அருகிலேயே அவரை எதிர்த்தவர்களைக் கொண்டாடும் வரலாற்று வளாகமும் உண்டு. கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் சேர்த்தே ஒரு வளாகம். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிட்டு, டுரியான் பழம் பேரம் பேசப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கொலை வழக்கு நடந்த இடம் மாத்தாங். அங்கே போக ஆற்றை விட்டுவிட்டு வடமேற்கே புருவாஸ் வழியாகத் தைப்பிங் பக்கம் போக வேண்டும்.

மாத்தாங் அருங்காட்சியகத்தின் முறையான பெயர் ஙா இப்ராஹிம் கோட்டை. கோட்டை என்றதும் மலாக்காவின் போர்த்துகீசிய வாசலைப் போல ஒன்றை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். செங்கல் மதில் வளைத்த முற்றம்; நடுவே இரண்டு மாடி வீடு. அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவுக்குள் நாட்டின் பாதி வரலாறு புழங்கியிருக்கிறது. லாருட் மாவட்டத்தில் ஈயச் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தவர் லோங் ஜாபார். அவருடைய யானை காட்டில் தொலைந்து திரும்பியபோது காலில் ஒட்டிய சேற்றில் ஈயம் இருந்தது என்று கதை. யானையின் பெயர் லாருட். ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். கதை உண்மையோ இல்லையோ, ஈயம் உண்மை. 1857-இல் தந்தை இறந்ததும் பொறுப்பேற்ற மகன் ஙா இப்ராஹிம் அடுத்த ஆண்டுவாக்கில் இந்த வீட்டைக் கட்டினார். சுரங்க வரியில் வந்த பணம். சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன ரகசியக் கும்பல்கள் 1861 முதல் அடித்துக்கொண்டிருந்தன. மதில் அலங்காரத்துக்காக எழுந்ததல்ல.

சண்டையை அடக்க ஙா இப்ராஹிம் 1873-இல் கேப்டன் ஸ்பீடி என்ற ஆங்கிலேயரை அமர்த்தினார். ஸ்பீடி இந்தியாவுக்குப் போய் 110 சிப்பாய்களைச் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். பெரும்பாலும் பஞ்சாபியரும் பட்டாணியரும். பேராக்கின் ஆயுதப் போலீஸ் படைக்கு அதுவே வித்து. 1874 ஜனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானதும் வெள்ளையர் ஆட்சி சட்டப்படி உள்ளே வந்தது; வீட்டுக்காரரின் கை தாழ்ந்தது. பர்ச் கொலையில் பங்குண்டு என்று சொல்லி அவரையும் பேராக் சுல்தான் அப்துல்லாவையும் 1877-இல் சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தினார்கள். அதற்கு முன்பே, 1876 டிசம்பரில், அவருடைய வீடே நீதிமன்றமாகிவிட்டது. மகாராஜா லேலா, டத்தோ சாகோர், பண்டாக் இண்டுட் மூவரும் இங்கே விசாரிக்கப்பட்டு, 1877 ஜனவரி 20-இல் மாத்தாங்கில் தூக்கிலிடப்பட்டார்கள். பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக மூன்றாண்டு.

இந்த நீதிமன்ற வீட்டில்தான் 1913-இல் பயிற்சிக் கல்லூரி வந்து உட்கார்ந்தது. கம்பத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியராகப் போக வேண்டிய மலாய் இளைஞர்கள், மகாராஜா லேலாவுக்குத் தீர்ப்புச் சொன்ன சுவர்களுக்குள் கணக்கும் பூகோளமும் படித்தார்கள். கல்லூரி போன பிறகும் பள்ளிக்கூட வாசனை போகவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் படையினர் புகுந்துகொண்ட காலம் போக, மாத்தாங் மலாய்ப் பள்ளியாகப் பல பத்தாண்டு ஓடியது. எண்பதுகளில்தான் அருங்காட்சியகத் துறை கையில் எடுத்தது.

பள்ளிக்கூடம் என்ற கண்ணோடு பார்த்தால் இந்த வீட்டின் கட்டுமானம் சுவாரசியமானது. எதிரியைத் தடுக்க எழுப்பிய கனத்த செங்கற்சுவர் வெயிலையும் தடுக்கிறது. ஜன்னல் குழிகளில் ஒரு பையன் புத்தகத்தோடு ஏறி உட்காரலாம், அத்தனை ஆழம். மேல்மாடியின் மரத்தரையில் காலெடுத்து வைத்தால் கீழே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். வாத்தியார் மாடிப்படி ஏறுவதைப் பையன்கள் முன்கூட்டியே அறிந்திருப்பார்கள். மதில் சூழ்ந்த முற்றம் விளையாட்டுத் திடலுக்குக் கச்சிதம். காட்சிப்பலகைகள் ஈயத்துக்கும் வழக்குக்கும் கொடுக்கும் இடத்தைப் பள்ளிக்கூடக் காலத்துக்குக் கொடுப்பதில்லை. கொலை வழக்கோடு கரும்பலகை எப்படிப் போட்டிபோடும்? ஆனாலும் இந்த வீடு இடிந்துபோகாமல் நம் காலம்வரை வந்ததற்குப் பள்ளிக்கூடம் ஒரு பெரிய காரணம். தினம் நூறு பிள்ளைகள் வந்துபோகும் கூரையில் ஓடு உடைந்தால் யாராவது மாற்றித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்காரர் கடைசியில் வீடு திரும்பினார். 1895-இல் சிங்கப்பூரில் இறந்து அங்கேயே அடக்கமான ஙா இப்ராஹிமின் எச்சங்களை 2006-இல் கொண்டுவந்து இந்த வளாகத்திலேயே மறு அடக்கம் செய்தார்கள்.

மாத்தாங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் கோலா செபெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில்பாதை தைப்பிங்கிலிருந்து மாத்தாங் வழியாக இங்கே வந்தது: எட்டு மைல், 1885 ஜூன் 1-இல் திறப்பு. பாதை போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைத்த பயனியர் படையினர். ரயில் நின்று பல காலமாகிவிட்டது, தண்டவாளம் இல்லை. ஆனால் நிலையத்தின் பெயர்ப்பலகை கடைகளுக்கு நடுவே தெருவில் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் மூன்றோடு தமிழ் எழுத்திலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. படம் எடுக்கும் கூட்டத்தில் அந்தத் தமிழ் வரியைத் தனியாகச் சுட்டிக்காட்டி நிற்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். மாத்தாங் வரை வந்த தமிழ்ப் பயணி இதைத் தவறவிடக்கூடாது. இறால் மீயும் கிடைக்கும்.

தெற்கே திரும்பும் வழியில் கோலா கங்சாரில் இதே வகையில் இன்னொரு கட்டடம் உண்டு. 1903-இல் முடிந்த இஸ்தானா ஹூலு என்னும் அரண்மனை. பிற்காலத்தில் ராஜா பெரெம்புவான் கெல்சோம் பள்ளியாகி, பெண்பிள்ளைகள் படித்து, 2003-இல் சுல்தான் அஸ்லான் ஷா காட்சிக்கூடமானது. பேராக்கில் பெரிய வீடுகளுக்கு இதுவே வாழ்க்கைச் சுற்றுபோல: பிரபுவுக்குப் பிறந்து, பள்ளிக்கு உழைத்து, அருங்காட்சியகத்தில் ஓய்வு. தஞ்சோங் மாலிம் கட்டடம் அப்படியல்ல. கல்லூரிக்காகவே பிறந்தது.

ஈப்போ, பீடோர், சிலிம் ரீவர் என்று நெடுஞ்சாலையில் போனால், பேராக் முடியப்போகும் இடத்தில் தஞ்சோங் மாலிம். ஊரைத் தாண்டியதும் பெர்ணாம் ஆற்றுப் பாலம், அக்கரை சிலாங்கூர். இந்த ஊருக்கு ஒரு கசப்பான புகழும் உண்டு. அவசரகாலத்தில், 1952 மார்ச்சில், கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் பக்கத்தில் ஒரு குழுவைத் தாக்கிப் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்து ஊர் மொத்தத்தையும் தண்டித்தார்: நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கு பாதி. லண்டன் பத்திரிகைகள்வரை போன விவகாரம். இன்று ஊருக்குப் பெயர் வாங்கித் தருவது பாவ். வடக்கும் தெற்கும் போகிற பஸ்காரர்கள் டஜன் கணக்கில் கட்டிக்கொண்டு போவார்கள்.

கல்லூரி வளாகம் ஊரோடு ஒட்டியது. நடுநாயகமாகச் சுலூ புடிமான் கட்டடம். 1922 நவம்பர் 29-இல் திறந்தார்கள். கல்லூரியின் பெயர், 1887 முதல் 1916 வரை ஆண்ட சுல்தான் இட்ரிஸ் முர்ஷிடுல் அசாம் ஷாவுடையது. திட்டம் ரிச்சர்டு வின்ஸ்டட்டுடையது. மலாய்மொழி அறிஞரும் கல்வித்துறை அதிகாரியுமான அவர் ஜாவாவையும் பிலிப்பைன்ஸையும் சுற்றிப் பார்த்துவிட்டு 1917-இல் அறிக்கை எழுதினார். சிதறிக் கிடக்கும் பயிற்சிக் கல்லூரிகளை ஒன்றாக்கி, பெரிதாக ஒன்று கட்டி, அதில் தோட்டவேலையும் கைவினையும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரம்பும் பாயும் பின்னும் பாடம் அப்படித்தான் வந்தது. விவசாயியின் மகன் கொஞ்சம் விவரமான விவசாயியாகவும், மீனவனின் மகன் கொஞ்சம் விவரமான மீனவனாகவும் ஆனால் போதும் என்பது அந்தக் காலத்து ஆட்சியாளர்களின் வெளிப்படையான கொள்கை.

கூடை பின்னக் கற்றுக்கொடுக்க அவ்வளவு பெரிய மாளிகை எதற்கு என்ற கேள்வி கட்டடத்தைப் பார்த்ததும் எழுகிறது. இங்கிலாந்தின் பழைய பள்ளிகளை நினைவூட்டும் கோதிக் சாயல், இரண்டு மாடி, முகப்பின் நீளம் முழுக்க வளைவுகள். ஆனால் வளைவுகளுக்குப் பின்னால் இருப்பது மழைநாட்டுக் கணக்கு. வெளிச்சுவருக்கும் வகுப்புக்கும் நடுவே அகன்ற வராந்தா. சாயங்கால மழை சாய்த்து அடித்தாலும் சாரல் வகுப்புக்குள் எட்டாது. நடுப்பகல் வெயிலும் எட்டாது. உயரத்தில் கூரை, சூடு மேலே போய்விடும். மின்விசிறி வருவதற்கு முன்பு நாற்பது இளைஞர்கள் அடைந்து கிடந்த அறையில் இது ஆடம்பரமல்ல. வராந்தாவின் ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பார்த்தால் வளைவுக்குள் வளைவாக வரிசை குறுகிக்கொண்டே போகிறது. தரையில் வெயில் அரைவட்டங்களாக விழுகிறது. பட்டமளிப்புக் காலத்தில் இங்கே படமெடுக்க அங்கி அணிந்த பிள்ளைகள் வரிசை கட்டுவதில் வியப்பில்லை.

கம்பத்திலிருந்து வந்த பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு இந்தக் கட்டடம் என்ன சொல்லியிருக்கும்? வாத்தியார் வேலை சின்ன வேலையல்ல என்று சொல்லியிருக்கும். அறிக்கையில் எழுதியிருந்ததற்கு நேரெதிர் சேதி. பிறகு நடந்ததைப் பார்த்தால், பையன்கள் அறிக்கையை விட்டுவிட்டுக் கட்டடத்தையே நம்பினார்கள் என்றுதான் தோன்றுகிறது.

முதல் தலைவர் ஓ. டி. டூசெக் 1936 வரை இருந்தார். மாணவர்களை மலாய் எழுதத் தூண்டினார். அதிகாரிகளில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1924-இல் மலாய் மொழிபெயர்ப்பு அலுவலகம் இங்கே வந்தது. ஸாபா என்று நாடே அழைக்கும் ஜைனல் அபிடின் அகமது அதன் பொறுப்பில் இருந்து பள்ளிப் பாடநூல்களையும் வீட்டு வாசிப்புக்கான நூல்வரிசையையும் கொண்டுவந்தார். மலாய் இலக்கணத்தை ஒழுங்கு செய்தார். வரலாறு கற்பித்த அப்துல் ஹாடி ஹசான், மலாய் உலகம் என்பது ஒரு சுல்தானின் எல்லையோடு நிற்பதல்ல என்று காட்டினார். பேராக்குக்காரன், பகாங்குக்காரன், ஜொகூர்க்காரன் என்று வந்தவர்கள் ஒரே விடுதியில் மூன்றாண்டு தங்கி மலாய்க்காரர்களாகத் திரும்பினார்கள். இங்கே படித்த இப்ராஹிம் யாக்கோப் 1938-இல் கெசாத்துவான் மெலாயு மூடா என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஆங்கிலேயர் வெளியேற வேண்டும் என்றார். எழுத்தாளர் ஹருன் அமினுர்ரஷீத் இங்கே படித்து இங்கேயே கற்பித்தவர்; 1939-இல் அவரைப் புருணைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கும் போய் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

2009-இல் சுலூ புடிமான் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. தேசியக் கல்வி அருங்காட்சியகம் இதற்குள் இயங்குகிறது. பழைய மேசை நாற்காலிகள், பாடநூல்கள், பள்ளிப் படங்கள் என்று நாட்டுக் கல்வியின் நெடுங்கதை. கதை சொல்லும் கட்டடமே கதையின் நடுவில் இருந்தது என்பதால் இங்கே காட்சிப்பொருளைவிடச் சுவருக்கு மதிப்பு கூடுதல். மேசை நாற்காலியை எந்த ஊரிலும் வைக்கலாம். ஸாபா நடந்த வராந்தாவை வேறெங்கும் வைக்க முடியாது.

பாகான் டத்தோவிலிருந்து வருகிற தமிழ் வாசகருக்கு இங்கே ஓர் ஆதங்கம் எழாமல் இராது. 1922-இல் மலாய் ஆசிரியருக்கு இப்படியொரு கட்டடம். மறு ஆண்டே வந்த தொழிலாளர் சட்டம் தோட்டத்துக்கு ஒரு பள்ளி என்றபோது, அந்தப் பள்ளிகளின் தமிழ் வாத்தியாருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட ஒரு கல்லூரியை அரசு எழுப்பவில்லை. அதைச் சொல்வது இந்தக் கட்டடத்தைக் குறைசொல்வதாகாது. கம்பத்துப் பையனுக்குக் கட்டடம் செய்த வேலையை லயத்துப் பையனுக்கும் செய்திருக்கும் என்பதே கணக்கு. மாத்தாங் தப்பியது பள்ளி நடந்ததால். தோட்டத்துப் பள்ளி தப்பாமல் போனது, அங்கே பள்ளி நடக்காததால் அல்ல, சுவர் பலகையாக இருந்ததால்.

கல்லூரியின் கதை அதோடு நிற்கவில்லை. 1957-இல் ஆசிரியர் கல்லூரி, 1987-இல் கல்விக்கழகம், 1997 மே மாதம் முதல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். பிள்ளைகள் வாயில் உப்சி. ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த வாசல் எழுபதுகளில் பெண்களுக்கும் திறந்தது. இன்று தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் படிப்பு இங்கே உண்டு. தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அதில் படித்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக நாடெங்கும் போகிறார்கள். வளாகத்து உணவுக்கடைகளில் தே தாரேக்கோடு மரபுக்கவிதையின் யாப்பைப் பற்றி வாக்குவாதம் நடப்பதைக் கேட்கலாம்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் இந்த மாணவர்கள் பலருக்கு முதல் அதிர்ச்சி காத்திருக்கும். மலேசியக் கல்வி அமைச்சு 150 பேருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறது. தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகள் பலவும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. முப்பது பேருக்கும் குறைந்துவிட்டால் கூட்டு வகுப்பு. ஒன்றாம் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார், வெண்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் உயிரெழுத்து, வலப்பக்கம் இரண்டாம் வாய்ப்பாடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கம் போவதற்குள் இந்தப் பக்கத்துப் பிள்ளை கையைத் தூக்கிவிடும்.